வந்தவர் யார்? போனவர் யார்? – அரும்பொருளகப் புதிர்ப்போட்டி குறித்து ஒரு திறனாய்வு

அரும்பொருளகம் என்றால் கண்ணாடிப் பேழைக்குள் பழம்பொருள் உறங்கும் இடம். மாலையானதும் கதவடைத்து விளக்கணைக்கும் இடம். இவ்வாறு நாம் எண்ணியிருந்தது ஒரு காலம். இன்று மேலைநாட்டு அரும்பொருளகங்களும், அவற்றைப் பார்த்து நம் பக்கத்து அரும்பொருளகங்களும் இரவிலும் கதவு திறந்து மக்களை அழைக்கின்றன. வந்தவர்களை மேசைக்கு அறுவராக அமர்த்தித் தாளும் எழுதுகோலும் கொடுக்கின்றனர். ஒலிபெருக்கியில் ஒருவர் வினாத் தொடுப்பார். குழுவினர் தலைகளை ஒன்றுசேர்த்துக் கிசுகிசுத்து விடை எழுதுவர். முடிவில் மதிப்பெண் கூட்டிப் பரிசு வழங்கப்படும். இங்கிலாந்தின் மதுக்கடைகளில் 1970களில் பெருகிய பொழுதுபோக்கு இது. குடியேற்ற வரலாற்றைக் காட்டும் அரும்பொருளகங்கள் இதற்கென விரும்பி எடுத்துக்கொள்ளும் பொருள் ஒன்று உண்டு: நாட்டுக்குள் வந்த புகழ்பெற்றோரும், நாட்டைவிட்டுப் போன புகழ்பெற்றோரும்.

இதனை வெறும் கேளிக்கை என்று தள்ளிவிடுவார் உளர். நாம் அக்கட்சியைச் சேர்ந்தவர் அல்லோம். அரும்பொருளகத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காத இளைஞன் ஒருவன், நண்பர் இழுத்த இழுப்புக்கு வந்து அமர்ந்து, ஒரு பெயரையாவது நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவானாயின் அது ஆதாயமே. ஆயினும், பாட்டுக்கும் கதைக்கும் நாடகத்துக்கும் திறனாய்வு உண்டு. வினாவுக்கு மட்டும் ஏன் இல்லை? வினாவும் ஒரு சொல்லமைப்புத்தான். அதை ஆக்கியவன் ஒருவன் உளன். அவனுக்கு ஒரு நோக்கம் உண்டு. அவன் விட்டுவிட்டவை பல உண்டு. இரண்டு மணி நேரத்தில் நாற்பது வினா கேட்கப்படும் அரங்கில் நாற்பது சிறு ஆக்கங்கள் அரங்கேறுகின்றன என்று கொள்ளலாம். அவற்றின் தரத்தை ஆராய்தல் தவறாகாது.

ஆராய்தற்கு அளவுகோலை வெளியே தேடவேண்டிய தேவை நமக்கு இல்லை. பவணந்தியார் நன்னூலின் பொதுவியலில் வினாவை ஆறாகப் பகுத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. தமிழாசிரியர்கள் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடும் பாடந்தான் இது. ஆசிரியர் தமக்கு விடை தெரிந்திருந்தும் மாணவனை நோக்கிக் கேட்பது அறிவினா. மாணவன் தனக்குத் தெரியாமையால் ஆசிரியரைக் கேட்பது அறியாவினா. தொலைவில் நிற்பது மரக்கட்டையா மனிதனா என்று தடுமாறிக் கேட்பது ஐயவினா. கடைக்காரரிடம் பொருள் இருக்கிறதா என்று வாங்குதற்பொருட்டுக் கேட்பது கொளல். உடுக்கத் துணி இல்லையா என்று கொடுத்தற்பொருட்டுக் கேட்பது கொடை. உண்டாயா என்று கேட்டு உண்ணச் செய்வது ஏவல்.

இந்த ஆறனுள் புதிர்ப்போட்டி நின்று நிலைபெறுவது முதலாவதன்மேல் மட்டுமே. நடத்துநர் கையில் விடைத்தாள் இருக்கிறது. அவர் அறிந்ததை நாம் அறிவோமா என்பதே ஆட்டம். அறிவினாவில் இழிவு ஒன்றும் இல்லை. வகுப்பறையும் பெரும்பாலும் அதனாலேயே நடைபெறுகிறது. இடர் எங்கே எனின், அறிவினாக் கேட்பவன் உண்மையாகவே அறிந்தவனாக இருத்தல் வேண்டும். நாடுவிட்டு நாடு போனவர் செய்தியில் இந்த நிபந்தனை நிறைவேறுவது அருமை.

ஆனி மூர் பெற்ற மதிப்பெண்

அமெரிக்காவின் நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என ஒரு சிறு தீவு உண்டு. 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் அங்குக் குடிநுழைவு நிலையம் திறக்கப்பட்டது. 1954இல் மூடப்படும் வரை ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர் அதன் வழியாகச் சென்றனர். 1990 முதல் அது அரும்பொருளகம். அத்தீவு தொடர்பான எந்தப் புதிர்ப்போட்டியிலும் எதிர்பார்க்கத்தக்க வினா ஒன்று உண்டு: "எல்லிஸ் தீவில் முதன்முதல் பதிவுசெய்யப்பட்டவர் யார்?" விடை: ஆனி மூர். அயர்லாந்தின் கார்க் பகுதிப் பெண். பெற்றோர் முன்னரே நியூயார்க் போய்விட, தம்பியர் இருவரைக் கையில் பிடித்துக்கொண்டு நெவாடா என்னும் கப்பலில் வந்து இறங்கினாள். அதிகாரி அவளுக்குப் பத்து டாலர் பொற்காசு ஒன்றைப் பரிசளித்தார்.

இதுவரை சரி. துணை வினா ஒன்று தொடரும்: "பின்னர் அவள் என்ன ஆனாள்?" இதற்கும் நெடுங்காலம் ஒரு விடை இருந்தது. அவள் மேற்கே டெக்சாஸ் சென்றாள். அயர்லாந்தின் தலைவர் டேனியல் ஓகானலின் மரபினன் ஒருவனை மணந்தாள். 1923இல் டிராம் வண்டி மோதி இறந்தாள். நூல்கள் இப்படி எழுதின. அப்பெண்ணின் வழியினர் விழாக்களில் சிறப்பிக்கப்பட்டனர். 1990களில் ஒரு மாணவன் இந்த விடையை எழுதியிருந்தால் அவனுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

அவ்விடை பிழை என்று 2006இல் வெளியாயிற்று. மரபுவழி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் பழைய பதிவேடுகளைத் துருவி, டெக்சாஸ் பெண் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்திலேயே பிறந்தவள் என்று காட்டினார். அவள் கடல் கடந்து வந்தவளே அல்லள்! உண்மையான ஆனி மூர் நியூயார்க் நகரின் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கீழ்க்கிழக்குப் பகுதியை விட்டு அகலவேயில்லை. ரொட்டிக் கடையில் வேலைபார்த்த ஒருவனை மணந்தாள். பல பிள்ளைகளைப் பெற்றாள். அவர்களுள் பலர் சிறு வயதிலேயே மடிந்தனர். 1924இல் அவளும் இறந்தாள். அவள் புதைகுழிக்கு ஒரு கல்கூட இல்லாமலிருந்து, 2008இல்தான் கல் நாட்டப்பட்டது. வந்திறங்கிய நாள் அவளுடைய பதினைந்தாம் பிறந்தநாள் என்று சொல்லிவந்ததும் பொருந்தாது. அப்போது அவளுக்கு வயது பதினேழு.

இதனை ஒரு தகவற்பிழை என்று திருத்திவிட்டு மேலே போய்விடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்வர். ஆனால் அப்பிழை ஏன் நெடுங்காலம் நிலைத்தது என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். டெக்சாஸ் பெண்ணிடம் ஒரு கதை இருந்தது. மேற்கு நோக்கிய பயணம், பெருங்குடித் திருமணம், எதிர்பாராச் சாவு என அதில் எல்லாம் உண்டு. அது புதிர்ப்போட்டிக்குப் பொருந்தும் வாழ்வு. நியூயார்க் பெண்ணிடம் கதை இல்லை. வாடகை வீடும் பிள்ளைப்பேறும் சாவுமே இருந்தன. அமெரிக்காவுக்கு வந்த இலட்சக்கணக்கான பெண்களின் வாழ்வு அதுதான். 'குறிப்பிடத்தக்கோர்' என்ற தலைப்பின்கீழ் வினா ஆக்கப் புகுவோர் குறிப்பிடத்தக்கதையே தேடுவர். தேடியது கிடைத்தவுடன் தேடுதலை நிறுத்திவிடுவர். அறிவினாவின் நோய் இது.

ஆனி மூருக்கு இரண்டு சிலைகள் உள்ளன என்பதையும் ஈண்டுச் சொல்லவேண்டும். ஒன்று எல்லிஸ் தீவில். மற்றொன்று அவள் கப்பலேறிய அயர்லாந்தின் கோவ் துறைமுகத்தில், தம்பியர் இருவருடன். இரண்டையும் வடித்தவர் ஒரே சிற்பி. அமெரிக்கச் சிலை வந்தவளுக்கு. அயர்லாந்துச் சிலை போனவளுக்கு. பெண் ஒருத்தியே.

பெயர்மாற்றக் கதையும் இவ்வகையதே. எல்லிஸ் தீவு அதிகாரிகள் வாயில் நுழையாத அயல்நாட்டுப் பெயர்களைத் தம் மனம்போனபடி மாற்றி எழுதிவிட்டனர் என்று எத்தனையோ அமெரிக்கக் குடும்பங்கள் சொல்லும். அதிகாரிகள் பெயர்களைப் புதிதாக எழுதவில்லை. புறப்பட்ட துறையில் கப்பற்காரர் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தனர். பெயரை மாற்றிக்கொண்டவர் பெரும்பாலும் வந்தவர்களே. வேலை தேடியோ, அண்டை வீட்டார் நகைப்புக்கு அஞ்சியோ, பின்னர் மாற்றிக்கொண்டனர். அந்த அச்சத்தை நினைவுகூர்வதைக் காட்டிலும் அதிகாரிமேல் பழிபோடுவது எளிது போலும்.

வாயிலில் கேட்ட வினா

புதிர்ப்போட்டிக்கு இப்பொருளை எடுத்துக்கொண்டவர்கள் கவனியாத முரண் ஒன்று உண்டு. இம்மக்கள் வாழ்வில் ஏற்கனவே ஒரு வினாவிடை நடந்து முடிந்துவிட்டது. எல்லிஸ் தீவின் பெரிய கூடத்தில் மேசைக்குப் பின்னே அமர்ந்திருந்த அதிகாரி, கப்பற்பட்டியலை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 29 வினாக்கள் கேட்டார். பெயர் என்ன, வயது என்ன, கையில் பணம் எவ்வளவு, பயணச்சீட்டுக்குப் பணம் கட்டியவர் யார், யாரிடம் போகிறாய் என்பன போல்வன. முதல் வகுப்பினரும் இரண்டாம் வகுப்பினரும் பெரும்பாலும் கப்பலிலேயே சோதனை முடிந்து நேரே கரையேறினர். அடித்தளத்தில் அடைந்துவந்த ஏழைகளே இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். செல்வமும் புகழும் உடையோர் இந்த வினாக்களிலிருந்து பெரும்பாலும் தப்பினர் என்பதைப் 'புகழ்பெற்றோர்' போட்டி நடத்துவோர் குறித்துக்கொள்க.

அவ்வினாக்களுள் ஒன்று மிகப் பொல்லாதது. "உனக்காக வேலை ஏதும் காத்திருக்கிறதா?" வந்தவன் என்ன நினைப்பான்? 'ஆம், வேலை இருக்கிறது, நான் யாருக்கும் சுமையாகமாட்டேன்' என்று பெருமையோடு சொல்லத் தோன்றும். சொன்னால் கெட்டான்! வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தம் பேசி ஆளைக் கொண்டுவருதலை 1885ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. வேலை இருக்கிறது என்றால் சட்டமீறல். பிழைக்க வழி இல்லை என்றால் பொதுமக்களுக்குச் சுமை. இரண்டுக்கும் இடையே ஊசிமுனையில் நின்று விடை சொல்லவேண்டும். நம் போட்டியில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். அங்குப் போவது கடல் கடந்து திரும்பும் கப்பலில்.

ஆஸ்திரேலியா இதனினும் ஒருபடி மேலே சென்றது. 1901ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் 'சொல்வதெழுதுதல்' தேர்வு ஒன்றை ஏற்படுத்தியது. அதிகாரி ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொற்கள் கொண்ட பகுதியைப் படிப்பார், வந்தவன் எழுதவேண்டும். எம்மொழி என்பதை அதிகாரி தேர்ந்தெடுப்பார். வெள்ளையர் அல்லாதாரைத் தடுப்பதே நோக்கமாதலின், வந்தவனுக்குத் தெரியாத மொழியைத் தேர்வது வழக்கமாயிற்று. 1934இல் பிராகு நகரத்து எழுத்தாளர் எகோன் கிஷ் போர் எதிர்ப்பு மாநாட்டில் பேச வந்தார். அரசு அவரை இறங்கவிடவில்லை. அவர் மெல்பர்னில் கப்பலிலிருந்து துறைமேடைக்குக் குதித்துக் காலை முறித்துக்கொண்டார். பன்மொழி அறிந்த அவரை எம்மொழியில் மடக்குவது? சிட்னியில் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தனர்! உயர்நீதிமன்றம், கேலிக் அச்சட்டம் கருதும் ஐரோப்பிய மொழி ஆகாது என்று தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. அத்தேர்வு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது.

இவ்வினாவை நன்னூலின் எந்த வகையில் அடக்குவது? விடை தெரிந்து கேட்பதால் அறிவினா எனலாம். ஆனால் விடை வரக்கூடாது என்பதே கேட்பவனின் விருப்பம். பவணந்தியார் வகுத்த ஆறும் மனிதர் மனிதரோடு பேசுங்கால் எழுவன. விலக்குதற்பொருட்டு வினவும் ஏழாம் வினா ஒன்று உண்டு என்று அவர் கருதியிருக்கமாட்டார். குடியேற்ற அரும்பொருளகத்தில் அமர்ந்துகொண்டு புதிர்ப்போட்டி நடத்துவோர், இந்த ஏழாம் வினாவின் நிழலிலேயே தாம் நாற்காலி போட்டிருப்பதை அறிதல் வேண்டும். அறிந்தால் ஒரு சுற்று முழுவதையும் அதற்கே ஒதுக்கலாம். அன்று கேட்ட வினாக்களை மேசைகளுக்குக் கொடுத்து, 'நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள், ஏன்?' என்று கேட்டால் போதும். ஐன்ஸ்டைன் எந்த ஆண்டு அமெரிக்கா வந்தார் என்பதைவிட அது நெஞ்சில் நிற்கும். (அவர் வந்தது 1933இல். ஜெர்மனியில் பிறந்து, 1901 முதல் சுவிட்சர்லாந்துக் குடிமகனாகி, 1940இல் அமெரிக்கக் குடிமகனானார். அவரைப் போனவர் என்று எண்ணும் உரிமை இரண்டு நாடுகளுக்கு உண்டு.)

நம் பக்கம்

இதை எழுதுவது பிற நாட்டாரைக் குறைகூறுதற்கன்று. நம் விழாக்களிலும் பள்ளிகளிலும் இவ்வகை வினாக்கள் பெருகிவருகின்றன. 'சிங்கப்பூருக்கு வந்த முதல் தமிழர் யார்?' என்பது அவற்றுள் முதன்மையானது. நாராயண பிள்ளை என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. 1819இல் ராபிள்சின் இரண்டாம் வருகையின்போது பினாங்கிலிருந்து 'இந்தியானா' கப்பலில் அவரோடு வந்தவர், செங்கற்சூளை வைத்தவர், துணிக்கடை தீக்கிரையாகியும் மீண்டெழுந்தவர், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் எழக் காரணமாக இருந்தவர். 2019இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அவர் உருவச்சிலையும் வைக்கப்பெற்றது. போற்றத்தக்கவரே.

ஆனால் அவர் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. வந்திறங்கியதும் இங்கே தொழில்வல்லார் இல்லை என்று கண்டு, பினாங்கிலிருந்து கொத்தர், தச்சர், துணி வணிகர் முதலியோரை அனுப்பும்படி அவர் எழுதினார். அனுப்பினர். அவர்கள் வந்தனர், கட்டினர். அவர்கள் பெயர் என்ன? எந்த விடைத்தாளிலும் இல்லை. இந்த வினாவைக் கேட்கும் நடத்துநரும் மேசையில் அமர்ந்திருக்கும் நாமும் ஒரே நிலையில் இருக்கிறோம். இதுவே அறியாவினா. 'முதல்வர் யார்' என்னும் வினா வரிசையின் தலையில் ஒருவரை நிறுத்திவிட்டு வரிசையை மறைத்துவிடுகிறது. அவர் எழுதியனுப்பிய செய்தி வரிசையைத் திறந்து காட்டுகிறது.

வந்தவர், போனவர் என்னும் பாகுபாடும் நம்மிடத்தில் நிற்பதில்லை. இரண்டு பெருமக்களை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் சி. இராசரத்தினம் 1915இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தார். பெற்றோர் அதற்கு முன்பே மலாயாவில் வாழ்ந்தவர்கள். பிள்ளைப்பேற்றுக்காகத் தாய் ஊர் சென்றார். கைக்குழந்தையாகவே அவர் மலாயா கொண்டுவரப்பட்டுச் சிரம்பானில் வளர்ந்தார். இவரைக் குடியேறியவர் என்பதா, வீடு திரும்பிய குழந்தை என்பதா? மறுபுறம், இலங்கைத் தமிழரசுக் கட்சியை 1949இல் நிறுவிய எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிறந்தது எங்கே? நம் ஈப்போவில், 1898இல். ஏறத்தாழ நான்கு வயதில் தெல்லிப்பழை போனார். ஈப்போவைவிட்டுப் போன புகழ்பெற்றோர் பட்டியல் ஒன்று ஆக்கினால் அவர் பெயர் தலைப்பில் நிற்கவேண்டும். ஈப்போப் பள்ளிகளில் எத்தனை பேர் அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்? ஈழத்தில் பிறந்தவர் சிங்கப்பூரின் குரலாகவும், மலாயாவில் பிறந்தவர் ஈழத்தமிழரின் குரலாகவும் ஆயினர். இங்கே 'எந்நாட்டவர்?' என்று கேட்டால் அது ஐயவினா. ஐயத்தை ஐயமாகவே மேசையில் வைத்துப் பேசவிடுவது நல்ல நடத்துநருக்கு அழகு.

பெருமக்கள் மட்டுமல்லர். கங்காணி பின்னே வந்த தோட்டத்தொழிலாளர் பலர் மூன்றாண்டு உழைத்து ஊர் போவர். மழை பொய்த்தால் மீண்டும் வருவர். மலாயா இந்தியர் குறித்து 1969இல் பெருநூல் வெளியிட்ட கெர்னியல் சிங் சாந்து அவர்களின் கணக்கின்படி, வந்தவருள் பாதிக்கு மேற்பட்டோர் திரும்பிச் சென்றனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்று வரும் தொழிலாளர் பயணத்தைத் தடைசெய்தது. வந்துபோதல் அன்றோடு அருகி, இருந்தவர் இருந்த இடத்தவராயினர். இந்தச் செய்தி தெரியாமல்தான் 'வந்தேறி' என்ற சொல்லை எளிதாக வீசுகிறார்கள். நம் பிள்ளைகளை நோக்கி அச்சொல் வரும்போது, அதற்கு விடையாகப் புகழ்பெற்ற பத்துப் பேரின் பெயரை ஒப்பிக்கப் பழக்கியிருக்கிறோம். 'எங்களிலும் பெரியவர் உளர்' என்பது அதன் பொருள். பெரியவர் இல்லாத குடும்பத்துப் பிள்ளை என்ன சொல்லும்? கப்பல் ஏறியவனுக்கு இருக்க உரிமை உண்டு என்று சொல்வதற்குப் புகழ் ஒரு தகுதியா? இந்தப் போட்டிகளின் தலைப்பிலேயே நமக்கு உள்ள மனக்குறை இது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதி அரும்பொருளகம் ஒன்றில் நடந்த போட்டியைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ரஜுலா கப்பல் பற்றி ஒரு வினா வந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடி, நம்மவர் தலைமுறைகளைச் சுமந்த கப்பல். "ரஜுலா கட்டப்பட்ட ஆண்டு எது?" என்றார் நடத்துநர். பேரப்பிள்ளைகளோடு வந்திருந்த மூதாட்டியார் ஒருவர் கையுயர்த்தினார். "அது தெரியாது தம்பி. நாகப்பட்டினத்தில் படகில் போய்க் கடலில் நின்ற கப்பலில் ஏறினோம். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தோம். பினாங்கு வந்ததும் தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று தீவில் வைத்துவிட்டார்கள். அம்மா அவளோடு தங்கிவிட்டார். நானும் அப்பாவும் மட்டும் ரயில் ஏறினோம்" என்றார். நடத்துநர் பணிவாகவே, "நன்றி அம்மா, ஆனால் விடை 1926" என்றார். அடுத்த மேசைக்கு மதிப்பெண் போயிற்று.

நடத்துநரைக் குறைசொல்ல முடியாது; விதி அப்படி. ஆனால் தமிழிலக்கணத்தின் விதி அப்படி இல்லை. நன்னூலார் வினாவை ஆறாக்கியதோடு நில்லாமல் விடையையும் எட்டாக்கினார். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவதுகூறல், இனமொழி என எட்டு. 'நீ ஆடவில்லையா?' என்றால் 'கால் வலித்தது' என்பது விடையே. கேட்டதற்கு நேராக இல்லை. தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறது. அது உற்றதுரைத்தல். மூதாட்டியார் செய்தது அதுதான். ஆண்டைக் கேட்டார்கள்; உற்றதை உரைத்தார். எண்ணூறு ஆண்டுக்கு முந்திய இலக்கண நூல் விடை என்று ஏற்றுக்கொண்டதை அன்றைய போட்டி ஏற்கவில்லை. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலும் சிங்கப்பூரை அடுத்த செயிண்ட் ஜான்ஸ் தீவிலும் நம்மவர் தடுத்துவைக்கப்பட்டதைப் பற்றி அந்த அரும்பொருளகத்தில் எழுதிவைத்த பலகை இருக்கலாம். அத்தீவில் தங்கையை விட்டுவிட்டு ரயிலேறிய பிள்ளை அங்கே நாற்காலியில் அமர்ந்திருந்தது. தங்கை திரும்பி வந்தாளா என்று அக்கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. போட்டி முடிந்தபின் நான் கேட்டேன். வந்தாள் என்றார், மூன்று வாரம் கழித்து.

மதிப்பெண் இல்லாவிட்டால் கூட்டம் வராது, போட்டி என்றால் வெற்றி தோல்வி வேண்டும் என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. கூட்டம் வரட்டும், அறிவினாவும் இருக்கட்டும். ஐந்து சுற்றில் நான்கு அவர்களுக்கே. ஐந்தாம் சுற்றைக் கொளலுக்கும் கொடைக்கும் விட்டுவிடக் கேட்கிறோம். பெறுதற்பொருட்டுக் கேட்கும் வினா: உங்கள் வீட்டில் முதலில் கப்பலேறியவர் யார், எந்தத் துறையில் இறங்கினார், யாரை அங்கே விட்டுவந்தார்? கொடுத்தற்பொருட்டுக் கேட்கும் வினா: அந்தத் துறை எப்படி இருந்தது, அந்த ஆண்டு பயணச்சட்டம் என்ன என்று அறிய வேண்டுமா? இதோ அரும்பொருளகத்தின் படமும் பட்டியலும். இது பள்ளியிலும் செய்யத்தக்கது. வினாவிடை பாடம் நடத்தும் கிழமையில் மாணவர் ஒவ்வொருவரும் வீட்டில் ஓர் அறியாவினாவைக் கேட்டு, வந்த விடை எட்டனுள் எவ்வகை என்று எழுதிவரலாம். பெரும்பாலும் உற்றதுரைத்தலாகவே இருக்கும். சில வீடுகளில் 'அதை ஏன் இப்போது கேட்கிறாய்?' என்னும் வினாதலும் வரும்.

ஒரு சிறு வேண்டுகோளும் உண்டு. இப்போட்டிகளின் விடைத்தாளில் வினாவுக்கு ஒரு விரற்கடை அகலக் கோடு ஒன்றே போடுகிறார்கள். ஆண்டோ பெயரோ எழுத அது போதும். ஐந்தாம் சுற்றுக்கு முழுத்தாள் விடவேண்டும். இரவு முடிந்ததும் மற்றத் தாள்களோடு அதனையும் குப்பைக்கூடையில் போட்டுவிடாமல், எழுதியவர் பெயரும் நாளும் குறித்து, அவர் இசைந்தால் அரும்பொருளகத்தின் பெட்டகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.